நௌஷாத் தொடாமல் ஓடிய வரைபடம்

நௌஷாத் மௌத்தாகிவிட்டார் என்று அவருடைய மனைவியின் தம்பி தொலைபேசியில் சொன்னபோது, நான் நௌஷாத்தின் பதிலுக்காகத்தான் காத்திருந்தேன். சிலாபத்தில் என் வீட்டு மேசையில் கணினி சிவப்பு எழுத்தில் பிழை காட்டிக்கொண்டிருந்தது. "நானா, உங்கட லைப்ரரி கோவிச்சுக்கிட்டு எங்கயோ போயிட்டு. கூட்டிக்கொண்டு வந்து விடுங்க" என்று நக்கலாக ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடித்துவிட்டு வந்து கதிரையில் இருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே எல்லாம் முடிந்துவிட்டதாம். என் நக்கல் போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகு.

"எந்த நௌஷாத்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு நௌஷாத்தைத்தான். "எங்கட மச்சான்தான் அன்டன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வாங்க" என்றார். நான் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்ட நௌஷாத்துக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் வேலையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அறியாதவர் யாராவது இதைப் படித்தால் அவருக்காகச் சொல்கிறேன். கடலோடு சேர்ந்த ஏரியான புத்தளம் களப்பில் எங்கே ஆழம், எங்கே மணல்திட்டு என்று திரையில் காட்டும் ஒரு மென்பொருளை நௌஷாத், நிரோஷா, நான் என்று மூன்று பேர் சேர்ந்து செய்தோம். கற்பிட்டிப் பக்கம் ஒரு மீனவர் சங்கத்தில் படகு வைத்திருக்கும் சம்மாட்டிமார் அதைப் பார்த்துவிட்டுத்தான் படகை இறக்குவார்கள். கோடு போடவும் நிறம் தீட்டவும் எங்கள் நிரலுக்குத் தெரியாது. அதற்கென்று வேறு யாரோ எழுதிவைத்த வரைகலை லைப்ரரி ஒன்றைத்தான் அதோடு இணைக்கிறோம். அந்த லைப்ரரியை எங்கே தேடுவது, எப்படி இணைப்பது என்று கணினிக்குச் சொல்லும் அமைப்புக் கோப்பு நௌஷாத்தின் பொறுப்பு. அதில் வேறு யாரும் கைவைத்தால் கத்துவார். இந்த வருடம் களப்பின் வாய்ப்பக்கம் திட்டுகள் இடம் மாறிவிட்டன. பழைய வரைபடத்தை நம்பிப் போன படகுகள் மணலில் ஏறி நின்றன. புதிய வரைபடத்தைப் புதிய லைப்ரரியோடு கட்டி அவசரமாகக் கொடுக்கவேண்டியிருந்தது. அந்த வேலையின் நடுவில்தான் அவர் போய்விட்டார்.

முதன்முதலாகச் சங்கத்தில் மென்பொருளைக் காட்டிய நாள் நினைவுக்கு வருகிறது. சம்மாட்டிமார் கதிரைகளை இழுத்துப்போட்டுக்கொண்டு இருந்தார்கள். திரை கறுப்பாகவே நின்றது. நௌஷாத்துக்கு வேர்த்துக் கொட்டியது. முன்வரிசையில் இருந்த ஒருவர், "தம்பி, களப்பு எங்க?" என்றார். நௌஷாத் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். லைப்ரரி இருக்கும் இடம் என்று தன் சொந்த மடிக்கணினியின் முகவரியை எழுதிவைத்திருந்தார். சங்கத்துக் கணினியில் அப்படியொரு இடமே கிடையாது. "களப்பு என்ட வீட்டுல இருக்குது நானா. மறந்துட்டு வந்துட்டன்" என்றார். மண்டபமே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சிரிக்கவில்லை. "விலாசத்த நம்பி எதையும் கட்டப்படாது அன்டன். எங்கட வாப்பாவுக்கும் மன்னார்ல ஒரு விலாசம் இருந்திச்சு" என்றார். வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்திய தொண்ணூறில் அவர்கள் குடும்பம் புத்தளத்துக்கு வந்தபோது அவர் கைக்குழந்தை. அதைப் பற்றி என்னிடம் அவர் பேசியது அந்த ஒரே ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு அவருக்குப் பிடித்த பைத்தியம் உங்களுக்குத் தெரியும். எதையும் வெளியே கொடுக்குமுன் ஒரு கணினியை முழுக்கத் துடைத்து வெறுமையாக்குவார். நிரோஷாவை அதன் முன்னால் இருத்தி, எழுதிவைத்ததை மட்டும் பார்த்துக் கட்டச்சொல்வார். தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். ஒருநாள் கட்டும் வேலை பாதியில் நின்றுவிட்டது. என்ன குறை என்று அவருக்கு அந்த இடத்திலேயே தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. போய்க் கோப்பைத் திருத்தி எழுதிவிட்டு வந்து, மறுபடி எல்லாவற்றையும் துடைத்து முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நானா, ஒரு சொல்லுச் சொன்னா முடியுற வேலை இது!"

"நான் சொல்லித்தான் ஓடும் எண்டா அது வேலை இல்ல, தொல்லை. நான் இல்லாத அண்டைக்கு என்ன செய்வீங்க?"

"நீங்க எங்க போகப்போறீங்க, துபாய்க்கா?"

"விசா கிடைச்சாப் போவன்தான்" என்று பல்லைக் காட்டினார்.

அடக்கத்துக்குப் புத்தளம் போய்ச் சேர்ந்தேன். எனக்குத் தொழத் தெரியாது. பள்ளிவாசல் மதிலோரம் நின்றேன். முகத்தைக் காட்டினார்கள். அவர் இவ்வளவு நேரம் யாரையும் ஏசாமல் இருந்து நான் பார்த்ததேயில்லை. எழும்பி எதையாவது சொல்லிக் கத்துவார் என்றே எனக்குப் பட்டது. மண் போட்ட பிறகும் அப்படித்தான் பட்டது.

சில நாட்களில் சங்கத்திலிருந்து புதிய வரைபடம் எப்போது வரும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். மௌத்தாவதற்கு முந்தின நாள் மாலை நௌஷாத் எல்லாக் கோப்புகளையும் எங்களுக்கு அனுப்பியிருந்தார். "நாளைக்குக் கதைப்பம்" என்று மட்டும் கீழே எழுதியிருந்தார். என் கணினியில் பிழைதான் வந்தது. மிச்சமெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது, அவரோடு போய்விட்டது என்று நான் உறுதியாக நம்பினேன். நிரோஷா ஒரு கணினியைத் துடைத்து வெறுமையாக்கினாள். அவர் எழுதியதை மட்டும் பார்த்துக் கட்டத் தொடங்கினாள். நான் வாசலில் நின்றேன்.

எங்கேயும் நிற்கவில்லை. லைப்ரரி இணைந்தது. களப்பு திரையில் வந்தது, திட்டுகள் புதிய இடங்களில் மஞ்சளாக நின்றன. என் கணினியில் மிஞ்சிக் கிடந்த பழைய லைப்ரரிதான் அங்கே குழப்பியிருக்கிறது. நௌஷாத்தின் கோப்பில் ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை.

"ஐயோ, வந்துட்டு அன்டன்" என்று நிரோஷா மேசையில் தலையை வைத்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு சின்னப் பிழையாவது வந்திருக்கலாம். பார்த்தீர்களா, அவர் இல்லாமல் முடியாது என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். அதற்குக்கூட அந்த மனிதர் இடம் வைக்கவில்லை.

புதிய வரைபடத்தைச் சங்கத்தில் கொடுத்துவிட்டோம். படகுகள் இப்போது திட்டில் ஏறாமல் போய்வருகின்றன. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஆத்திரத்தைத்தான். இனி நான் கட்டுகிற எதுவும் என்னைக் கேட்காமலே ஓடும், அதை அவர் வழியிலேயே செய்வேன். ஆனால் நௌஷாத் நானா, அது உங்களைக் கேட்காமல் ஓடியதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.