பதினாறடிக் கூடம்

பிள்ளைகளே, நம் வீட்டுக்கு பிளான் போட்டவரின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு டேப் இருக்கும். பதற்றம் வந்தால் அதை இழுத்து இழுத்து விடுவார். கம்ப்யூட்டரில் வரைய சாப்ட்வேர் வாங்க மெட்ராஸ் போனபோது என்னையும் அழைத்துப் போனார். கூடம் பதினாறடி இல்லாமல் மனையடி தப்பினால் குடிவர மாட்டேன் என்று உங்கள் அம்மா சொல்லியிருந்தாள்.

கடைக்காரர் இரண்டு சாப்ட்வேர் காட்டினார்.

"உள்ளளவு பதினாறடி. இப்ப செவுத்த தடியாக்கு," என்றார் பிளான் போட்டவர்.

முதலாவதில் கூடம் பதினைந்தரை அடியாகச் சுருங்கியது. டேப் படபடவென்று ஓடியது.

"இன்னா சார், இது குடிபோக வுடாது போல கீதே!" என்றார் கடைக்காரரிடம்.

இரண்டாவதில் சுவர் வெளிப்பக்கமாக வளர்ந்தது. அதையே வாங்கினார்.

வீடு எழும்பிப் பூச்சு முடிந்ததும் கூடத்தை மூன்று முறை அளந்தார். பதினாறேதான். ஆனாலும் இழுத்து இழுத்துத் தேய்ந்த தன் டேப்பைப் பார்த்து அவர் முகம் தெளியவில்லை.

"உன் டேப்ப குடு நைனா," என்றார் கொத்தனாரிடம்.