பெரிய வீட்டுக்குள் நடந்தவள்

சித்திரை வெயிலில் ஊரே விசிறியும் கையுமாகக் கிடக்கும்போது நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்குவேன். என் மகளைப் பெற்றபோது போன ரத்தம் கொஞ்சநஞ்சமல்ல. பிழைத்தேன். ஆனால் பால் ஒரு சொட்டுக்கூட ஊறவில்லை. அப்போது கைக்குழந்தை வைத்திருந்த என் மதினி, கணவரின் அக்கா, தன் பிள்ளையோடு என் மகளுக்கும் பால் கொடுத்தாள். எனக்கோ தலைமுடி கொட்டியது, புருவம் உதிர்ந்தது, குரல் தடித்துக் கரகரத்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "அவ பிரசவத்துலயே செத்துட்டா. இப்ப உள்ள இருக்கது வேற யாரோ" என்று என் காதுபடவே பேசினார்கள். எழுந்து போய் நாலு வார்த்தை கேட்கலாமென்றால் தெம்பில்லை. தனியே படுத்திருக்கும்போது சில நேரம் எனக்கே அந்தச் சந்தேகம் வரும்.

அறுபதுகளின் கடைசியில்தான் மதுரையில் ஒரு டாக்டரம்மா கண்டுபிடித்தார். "மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கும்மா. அன்னைக்கு ரத்தம் போனதுல அது கெட்டுப்போச்சு. அது குடுக்க வேண்டியத இனிமே மாத்திரைதான் குடுக்கணும், ஆயுசுக்கும்" என்றார். படுத்தே கிடந்தால் சதை வற்றிப்போகும், தினமும் நடக்க வேண்டும் என்றும் சொன்னார். ஆனால் மாத்திரையும் சாப்பாடும் உள்ளே போகாமல் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது. பேச முடியாமல் மூச்சு வாங்கும் அளவுக்குப் போகக் கூடாது. காய்ச்சல், வாந்தி என்றால் நடையை விட்டுவிட்டு, மாத்திரையைக் கூட்டிப் போட்டுக்கொண்டு உடனே வைத்தியம் பார்க்க வேண்டும். தலை சுற்றினால் அங்கேயே உட்கார்ந்து சீனியை வாயில் போட வேண்டும். "விரதம் கிரதம்னு வயித்தக் காயப்போட்டீங்க, அவ்வளவுதான்" என்று விரலை ஆட்டினார். கூட வந்த மதினியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

சரி, எங்கே நடப்பது? பள்ளத்தூர்ப் பக்கத்துச் சின்ன ஊர் எங்களுடையது. இடுப்பில் குடமில்லாமல் ஒரு பொம்பளை தெருவில் போனால் போதும், "எங்குட்டுப் போறீக? ஏன் சும்மா திரும்பி வாரீக?" என்று பிடுங்கி எடுத்துவிடுவார்கள். என் கணவர் அங்கே ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். வீட்டுக்காரர்கள் மதராஸில் இருந்தார்கள். சாவி எங்களிடம். காலையில் சாப்பிட்டு மாத்திரை போட்டதும் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் நடப்பேன்.

அந்த வீட்டில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். என் காலடிச் சத்தம் உள்கட்டு வரை போய்க் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வரும். நான் நின்ற பிறகும் அது ஓரடி வைக்கும். ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். ஒருநாள் துணி சரிந்து, புருவமில்லாத ஒருத்தி என்னை எட்டிப் பார்த்தாள். ஆத்தாடி! நான்தான் என்று தெரிந்த பின்னும், துணியை இழுத்து மூடிவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தேன்.

வீட்டை ஒட்டித்தான் ஊருணிக்குப் போகும் பாதை. தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் பூட்டிய வீட்டுக்குள் யாரோ நடக்கிறார்கள் என்று கிளப்பிவிட்டார்கள். என் கணவருக்கு ஒரே சிரிப்பு. "பேசட்டும் விடு. பேய் இருக்க வீட்டுக்கு எந்தக் களவாணி வருவான்? எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். குழந்தை வாய் ஊரைக் கூட்டிவிடும் என்று மகளிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. மதினிக்கு மட்டும் தெரியும்.

மகளுக்கு ஆறு வயதானபோது, ஒரு படைப்பு நாள். எங்கள் குடும்பத்தில் பிள்ளைப்பேற்றில் இறந்துபோன ஒருத்திக்கு வருஷா வருஷம் புதுச்சேலை வைத்து, சமைத்துப் படைப்போம். அவளுக்குப் படைக்காமல் பெண்கள் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. நானும் அவளைப் போல் போக இருந்தவள்தானே, அவளுக்கு முந்தி சாப்பிட மனசு வரவில்லை. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் எரியும், அதனால் அதையும் தள்ளிப்போட்டேன். விரதநாளில் மடியில் எதற்கு என்று சீனிப் பொட்டலத்தையும் எடுத்து வைத்துவிட்டேன். நடையை மட்டும் விடவில்லை. நடப்பதால் விரதம் கெடாதே! என்ன புத்தியோ.

கொஞ்ச நேரத்தில் குளிர வியர்த்தது. கால்கள் யாருடையதோ போலிருந்தன. விழுந்த பிறகும் உள்கட்டில் யாரோ நடப்பது கேட்டது. தவழ்ந்து பாதையோர ஜன்னலுக்குப் போனேன். வெளியே பேச்சுக்குரல். "சீனி... சீனி குடுங்க..." என்றேன். பித்தளைக் குடம் உருள, பெண்கள் அலறி ஓடினார்கள். ஒரு மஞ்சள் பாவாடை மட்டும் அசையாமல் நின்றது. என் மகள்! பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். ஓடிவிட்டாள். இனி யாரும் வரமாட்டார்கள் என்று அழுதேன்.

வீட்டுக்கு ஓடியவள் மதினியிடம், "அத்தை, பேய் சீனி கேக்குது" என்றாளாம். "பேய்க்கு எதுக்குடி சீனி?" என்றவள் அடுத்த நொடி புரிந்துகொண்டாள். பின்கட்டுச் சாவியையும் என் மாத்திரையையும் எடுத்தாள். படைக்க வைத்திருந்த பாயசத்தைக் கிண்ணத்தில் மொண்டுகொண்டு ஓடி வந்தாள்.

என் தலையைத் தூக்கி மடியில் சாய்த்தாள். "ஏத்தா, கண்ணத் தொற. மெதுவா முழுங்கு."

"இன்னும் படைக்கலையே மதினி" என்றேன். அந்த நிலையிலும்!

"செத்தவ காத்திருப்பா. நீ குடி."

மாத்திரையையும் கொடுத்து, வண்டி பிடித்துக் காரைக்குடிக்குக் கொண்டுபோனார்கள். ஊசியும் குளுக்கோஸும் ஏறிய பிறகுதான் டாக்டர் முகத்தில் தெளிவு வந்தது.

வீடு திரும்பிய அன்று மகள் என்னிடம் வரவில்லை. மதினியின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"ஏன்டி, அம்மா குரல் ஒனக்குத் தெரியலையா?" என்றேன்.

"தெரிஞ்சுச்சு. பேய் அம்மா குரல்லதான் கூப்பிடுமாம், திரும்பிப் பாக்கக் கூடாதாம்" என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு, மெல்லக் கேட்டாள்:

"அத்தை, இது அம்மாதானே?"

மதினி பதில் சொல்லும்வரை அவள் என் பக்கம் வரவில்லை.