உப்புப் போட்ட ஐஸ்

குப்பியைச் சாய்த்தேன். உள்ளே மருந்து அசையவில்லை, சிவப்புக் கட்டியாக இறுகிக் கிடந்தது. அன்றைய பொழுது அதோடு கெட்டது.

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் கீமோ பார்மசியில், புற்றுநோய் மருந்து கலந்து கொடுக்கும் இடத்தில், இருக்கிறேன். இன்னும் கொஞ்ச காலத்தில் ஓய்வு. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

அந்த மருந்து லிப்போசோமல் டாக்ஸோருபிசின். சாதாரண டாக்ஸோருபிசின் புற்றைத் தாக்கும், கூடவே இதயத்தையும் பதம் பார்க்கும். அதையே நுண்ணிய கொழுப்புக் குமிழ்களுக்குள் அடைத்து அனுப்பினால் இதயத்துக்குச் சேதம் குறைவு. குமிழ் உடைந்தால் உள்ளே இருப்பது பழைய மருந்துதான். உறைந்தால் குமிழ் உடையும். இரண்டு முதல் எட்டு டிகிரி, உறையவிடாதே என்று அட்டையிலேயே போட்டிருக்கும். யார் படிக்கிறார்கள்?

ஸ்டெல்லாவுக்குச் சினைப்பையில் புற்று. இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரைக்காரி, என் மகள் வயது. ஏற்கெனவே இதயம் பலவீனம் என்பதால்தான் டாக்டர் இந்த மருந்தை எழுதினார். எங்களிடம் ஸ்டாக் இல்லை. மீன் வியாபாரம் செய்யும் அவள் அண்ணன் சேவியர் முந்தின நாளே திருவனந்தபுரம் போய் வாங்கி, இரவு வீட்டில் வைத்திருந்து, காலையில் தெர்மோகோல் பெட்டியோடு கொண்டுவந்தார். கவுண்டரில் வைத்துவிட்டு, மீன் ஏலத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார். திறந்தால் பொடி ஐஸ், நடுவில் குப்பி, ஐஸுக்குள் கல்லுப்பு. தூரம் போகும் மீனுக்குச் செய்கிற பக்குவம். உப்பு விழுந்தால் ஐஸின் குளிர் இன்னும் கூடும்.

வெளியே எடுத்து வைத்த கொஞ்ச நேரத்தில் கட்டி உருகியது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார்.

"இப்போ நல்லாத்தானே இருக்கு? ஏத்திரலாமே," என்றார்.

பார்க்க நன்றாக இருந்தது, அதுதான் வினை. முடியாது என்றேன். டாக்டரும் முடியாது என்றார். இந்த மாதிரி வாக்குவாதம் எனக்குப் பழகிப்போய்விட்டது, இப்போதெல்லாம் கோபம்கூட வருவதில்லை.

ஸ்டெல்லா கையில் மருந்து ஏற்றும் கேனுலா ஊசி குத்தித் தயாராகப் படுத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணன்கிட்ட சொல்லிராதிய சாரே. கம்பெனியில இருந்தே மருந்து சரியில்லாம வந்துட்டுன்னு சொல்லுங்க. அவனுக்க கையால கெட்டதுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டான்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் சொல்லாவிட்டால் அடுத்த குப்பியும் அதே பெட்டியில் அதே உப்போடுதான் வரும். அவளுக்குக் கொடுத்த வாக்கா, அவள் இதயமா என்று பார்த்தால் இதயம்தான் பெரிது.

மாலையில் சேவியர் வந்ததும் தனியே அழைத்துப்போய்ச் சொன்னேன். குளிர் குறையக் கூடாது என்று சொல்லி அனுப்பியது எங்கள் ஆட்கள்தான், அளவுக்கு மீறிக் கூடவும் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை, உங்கள் மேல் தப்பில்லை என்றேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அப்போ போன மாசம் கொண்டாந்தது?" என்றார். "அதுலயும் உப்பு போட்டேனே சாரே."

போன மாதம் அவர் தந்த குப்பியில் இருந்தது நல்ல சிவப்புத் திரவம். அது ஸ்டெல்லாவின் உடம்பில் ஏறியாகிவிட்டது.

மறுநாள் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் பழைய நிலையிலேயே இருந்தது, மோசமாகவில்லை. அந்தப் போன மாதக் குப்பி வழியில் உறைந்து உருகியதா, உறையவே இல்லையா என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. புது மருந்தையும் சேவியர்தான் கொண்டுவந்தார். நான் கொடுத்தனுப்பிய குளிர் ஜெல் பேக்கில் குப்பி படாதபடி துணி சுற்றி, பெட்டியை மடியில் வைத்துப் பஸ்ஸில் வந்தார். நான் குப்பியைச் சாய்த்துப் பார்க்கும்வரை கவுண்டரை விட்டு நகரவில்லை. அன்று ஏலத்துக்கும் போகவில்லை. அவர் நின்ற நிலையைப் பார்த்ததுமே, நான் சொல்லிவிட்டேன் என்று ஸ்டெல்லாவுக்குப் புரிந்திருக்கும். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கையை மட்டும் நீட்டினாள்.

பிள்ளைகளே, மருந்தைப் பற்றிப் படித்துத்தான் வருகிறீர்கள். அதைச் சுமந்து வருகிறவரிடம் என்ன தொழில் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இப்போது எல்லோரிடமும் கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டை வற்றிப்போகிறது. தன் சரக்கை எப்படிக் காப்பாற்றுவாரோ, அப்படித்தான் உங்கள் மருந்தையும் காப்பாற்றுவார். தங்கைக்கு என்றால் இன்னும் ஒரு கை உப்பு கூடவே போடுவார்.