சின்ன கார்டு

அப்பாவின் இடது கை சரியில்லை என்று ஊரில் யார் சொன்னாலும் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிடும். அப்பாவே சொல்லும்போதுதான் வாயடைத்துப் போகிறேன்.

வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பை இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவர் அவர். எப்போதாவது பஸ்ஸில் போனாலும் டிரைவருக்குப் பின்சீட்டில்தான் உட்காருவார். ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்துவார். "உங்கப்பா இறங்கினா பஸ்ஸே நின்னுடும்" என்று அம்மா கேலி செய்வார்.

போன வருடம் அவருக்கு லேசான பக்கவாதம் வந்தது. இடது கை மட்டும் மந்தமானது. சில மாதப் பயிற்சியில் விரல்கள் மடங்கின. சட்டைப் பொத்தானைத் தானே போட ஆரம்பித்தார். "தாராளமா ஓட்டலாம். மொதல்ல அந்தக் கை மேல உங்களுக்கு நம்பிக்கை வரட்டும்" என்றார் டாக்டர். வடக்கனந்தலில் எங்கள் வீட்டு வாசலில் ஜீப் தார்ப்பாய் போர்த்தி நின்றது. தினமும் காலையில் அப்பா அதை ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடம் உறுமவிட்டு, அணைத்துவிட்டு வந்துதான் டீ குடிப்பார்.

அந்த நம்பிக்கை வர வீட்டிலேயே ஓட்டிப் பழகட்டும் என்ற யோசனை என்னுடையது. லாரி ஓட்டும் கேம் ஒன்று உண்டு. மேஜையில் ஸ்டியரிங்கைப் பொருத்தி, கீழே பெடல் வைத்து ஆடலாம். எனக்கும் ஆபீஸ் வேலைக்கு லேப்டாப் தேவைப்பட்டது. கேமிங் லேப்டாப்பாக ஒன்றே வாங்கிவிடலாம் என்றேன்.

"அதுல கொண்டை ஊசி வளைவு வருமா?" அப்பா கேட்டது அது ஒன்றுதான்.

கேமில் படத்தைத் தடங்கலில்லாமல் ஓடவைப்பது கிராபிக்ஸ் கார்டுதான் என்பதால் இரண்டு வாரம் அதைப் பற்றிப் படித்தேன். எந்தக் கார்டுக்கு எவ்வளவு மெமரி, எது சூடானால் வேகம் குறையும் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஆபீசில் யாரும் கேட்காமலே வகுப்பெடுத்தேன். அதனால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

கள்ளக்குறிச்சியில் கடைக்கார பாய் இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தார். விலையில் பெரிய வித்தியாசமில்லை. ஒன்று கறுப்பு, செங்கல் கனம், கீபோர்டுக்கு அடியில் சிவப்பு விளக்கு. மற்றது வெள்ளி நிறம், மெலிசு.

"ரெண்டும் கேமிங்தாம்மா. ஆனா மெலிசுல கார்டு சின்னது, மெமரி கம்மி. மலை, காடுன்னு வந்தா தெணறும். லேப்டாப்புல கார்ட அப்பறமா மாத்தவும் முடியாது. பாத்துக்கங்க" என்றார் பாய்.

நான் மெலிசானதை எடுத்து என் கைப்பையில் வைத்துப் பார்த்தேன். அழகாக நுழைந்தது. அந்தக் கறுப்புச் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு ஆபீசில் போய் நிற்பதை நினைத்தாலே கூச்சமாக இருந்தது.

"இன்னா பாப்பா, பெருசுதான் நல்லதுன்றாரே?" என்றார் அப்பா.

"ஒரு கேம்தானேப்பா. இதுவே ஜாஸ்தி."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும், வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் மேஜை முன்னால் உட்கார்ந்தார். சமவெளி ரோட்டில் லாரி நன்றாகத்தான் போனது. மலை ஏறியதும் படம் திக்கித் திக்கி வந்தது. மூன்றாவது வளைவில் அப்பா சரியான நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினார். லாரி நேராகவே போய், பிறகு திடீரென்று மொத்தமாகத் திரும்பி, பள்ளத்தில் கவிழ்ந்தது.

"நான் திருப்பிக்கினேதான் இருக்கேன். வண்டி லேட்டா திரும்புதே?"

கார்டுதான் காரணம் என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "பழகிட்டா சரியாப் பூடும்ப்பா" என்றேன்.

அவர் சாப்பிடப் போன நேரத்தில் படத்தின் தரத்தைக் குறைத்தேன். மரம் போனது, நிழல் போனது, மலை மொட்டையானது. அப்படியும் வளைவு வந்தால் திக்கியது. அப்பா அதற்குப் பிறகு வண்டியைப் பற்றிப் புகார் சொல்லவில்லை. கவிழும்போதெல்லாம் இடது கையை விரித்து, மடக்கி, அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் கடையில் ஏன் அதை எடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். அவ்வளவு அற்பமான காரணம்தான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தால் வாசல் காலியாக இருந்தது. தார்ப்பாயை மடித்து ஓரமாக வைத்திருந்தார்கள். சின்னசேலத்து ஆள் ஒருவர் வந்து ஜீப்பை விலைக்கு வாங்கி ஓட்டிப் போய்விட்டாராம்.

"இந்தக் கைய நம்பி பத்து பேர ஏத்திக்கினு மலைக்குப் போவ முடியாது பாப்பா" என்றார் அப்பா. "வெளையாட்டுலயே பள்ளத்துல வுட்டுக்கினு கெடக்கேன். நெசத்துல வுட்டா இன்னா பண்றது?"

அன்றும் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

ஒரு மாதம் போய்த்தான் தைரியம் வந்தது. ஆபீஸ் தோழியிடமிருந்து பெரிய கார்டு போட்ட தடித்த லேப்டாப்பை இரவல் வாங்கி வந்து ஸ்டியரிங்கைப் பொருத்தினேன். நானே ஓட்டிப் பார்த்தேன். திருப்பிய கணமே திரும்பியது. அப்பாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாய் சொன்னது, நான் கேட்காதது, கைப்பை, கூச்சம், ஒன்று விடவில்லை. உங்கள் கையில் கோளாறே இல்லை, எல்லாம் அந்தக் கார்டுதான் என்று சொல்லும்போது அழுதுவிட்டேன்.

பொறுமையாகக் கேட்டார். சிரித்தார். என் தலையில் கை வைத்தார்.

"எனக்காவ பொய் சொல்லாத பாப்பா. என் கை எனக்குத் தெரியாதா?"

சத்தியமாக என்றேன். ஒரே ஒரு தடவை உட்காரச் சொல்லிக் கெஞ்சினேன். "வண்டியே பூட்ச்சி, இனிமே இன்னாத்துக்கு?" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் அந்த லேப்டாப்பைத் தோழியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு பேரும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். டிரைவருக்குப் பின்சீட் காலியாகத்தான் இருந்தது. அப்பா அதைத் தாண்டிப் பின்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியபோது குனிந்து அவருடைய வலது காலைப் பார்த்தேன். அது அசையவில்லை.