மூன்றாம் அத்தியாயத்தில் இறந்த அம்மா

"செருப்பைக் கழட்டிட்டு காலை நீட்டுங்க சார். உங்க சின்ன வயசைப் பாக்கணும்" என்கிறார் ஜொவிட்டா டீச்சர். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கும் மாவட்டச் செயலாளர் வேட்டியை ஏற்றிக்கொண்டு பணிவாகக் காலை நீட்டுகிறார். டீச்சர் குனிந்து பார்க்கிறார். பித்தவெடிப்பு இருந்தால் அவர் முகம் மலரும். பாதம் பூப்போல இருந்தால் பெருமூச்சுதான். "ம்... ஸ்கூலுக்குப் போற வழியில இன்னொரு ஆறு விடணும்."

மயிலாப்பூர் கச்சேரி சாலைக்குப் பின்னால், ஒரு தையற்கடை மாடியில் குடியிருக்கிறார். பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். கிராமத்திலிருந்து வந்து பெரிய மனிதர்களானவர்களுக்கு, அவர்கள் பெயரிலேயே தன்வரலாறு எழுதிக் கொடுக்கிறார். பெரும்பாலும் அரசியல்வாதிகள். எழுத்தாளர்களும் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வருவதுண்டு. "கதைன்னா நானே எழுதிடுவேன் டீச்சர். நெஜம்தான் வர மாட்டேங்குது" என்று ஒருவர் அழாத குறையாகச் சொன்னாராம்.

டீச்சர் கிராமம் பார்த்ததில்லை. வேளாங்கண்ணிக்குப் போனபோதும் வழியெல்லாம் தூங்கிவிட்டார். அவருடைய காட்டாறுகள் எல்லாம் அடையாறு பாலத்தின் மேல் பஸ் நின்றபோது பார்த்தவை. எருமை, மாட வீதியில் போக்குவரத்தை மறித்துக்கொண்டு நிற்பது. ஆனாலும் அவர் எழுதிய வறுமையைப் படித்துவிட்டு, சொந்தக்காரர்களே விசும்பியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு விதி. "மூணாவது அத்தியாயத்துல யாராவது சாகணும். இல்லேன்னா நாலாவதுக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க."

சித்தார்த்தன் விஷயத்தில் இதுதான் சிக்கலாயிற்று. திண்டிவனம் பக்கத்துக் கிராமத்துக்காரர். இப்போது கொட்டிவாக்கத்தில் வீடு, அடுத்த தேர்தலில் சீட் வாங்க ஆசை. அப்பா ஊரில் ரைஸ் மில் வைத்திருந்தவர், எண்பத்தாறு வயதில் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்து நிம்மதியாகப் போனார். அதில் அழ ஒன்றுமில்லை. அண்ணன்தம்பிகள் திடகாத்திரம். ஒருவர் எதிர்க்கட்சி வேறு.

"அம்மா?" என்றார் டீச்சர்.

"ஊர்ல இருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க." கொஞ்சம் யோசித்தார். "போட்டுக்குங்க டீச்சர். அவங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே வராது."

அம்மா பட்டம்மாள், கடைசிக் கஞ்சியை மகனுக்கு ஊற்றிவிட்டுப் பட்டினியில் உயிர்விட்டார். எழுதும்போது டீச்சர் மூன்று முந்தானை நனைய அழுதார். புத்தகம் வந்தது. மேடையில் பேசிய எல்லோரும் தழுதழுத்தார்கள். அந்த வாரமே கட்சிக்காரர்கள் சிலர் மாலையோடு கொட்டிவாக்கம் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனார்கள். கதவைத் திறந்தது பட்டம்மாள். கண் பரிசோதனைக்காக ஊரிலிருந்து வந்திருந்தார். விவரம் முழுவதையும் கேட்டுக்கொண்டு, வந்தவர்களுக்கு மோர் கொடுத்தார். "நீங்க அண்ணனுக்கு இன்னா ஒறவு?" என்று ஒருவன் கேட்டதற்கு, "இனிமேதான் யோசிக்கணும்" என்றாராம்.

மறுநாள் காலை டிரைவரை மிரட்டி டீச்சர் வீட்டுப் படியேறிவிட்டார். காதில் கம்மல், மூக்கில் பேசரி, வாட்டசாட்டமான உடம்பு.

"நீதான் என்னைக் கொன்னவளா?"

டீச்சர் எழுந்து நின்றுவிட்டார்.

"சாவறது பத்தி ஒண்ணுமில்ல. மில்லுக்காரன் பொண்டாட்டிடி நானு. கஞ்சி இல்லாமயா சாவேன்? ஊர்ல தெரிஞ்சா சிரிப்பாங்க. பாம்பு கடிச்சுதுன்னு எழுதியிருந்தாலும் ஒரு மரியாதை."

"பாம்பு முந்தின புக்ல வந்துடுச்சும்மா" என்றார் டீச்சர்.

பட்டம்மாள் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு குரல் இறங்கியது. "அதை எழுதச் சொல்லச்சொல்லோ, அவன் அழுதானா?"

அன்று சித்தார்த்தன் அதைச் சொல்லிவிட்டுச் செல்போனில் பேசப் போய்விட்டார். டீச்சருக்குப் பொய் வரவில்லை, தொழிலில்தான் வரும். "நான் அழுதேம்மா" என்றார்.

"நீயாவது அழுதியே."

பேச்சு வளர்ந்தது. மகன் முதன்முதலாகப் பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்றபோது, எதிராளி வீட்டு வாசலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாராம் பட்டம்மாள். "என் புள்ளைக்கு ஓட்டுப் போடறேன்னு சொன்னாத்தான் எழுந்திருப்பேன்னுட்டேன். அந்தாளு மூணு நாள் கொல்லை வழியா போனான். கடைசில பொண்டாட்டிகூட சேந்து போட்டான்." டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். இப்படி ஒருத்தியையா கொன்றோம்! உடனே சித்தார்த்தனுக்குப் போன் போட்டார்.

"இரண்டாம் பதிப்புல அம்மாவை எழுப்பிடலாம் சார். அவங்க இருந்தா புக் எங்கேயோ போயிடும்."

"ஐயோ டீச்சர்! தலைமை அந்த அத்தியாயத்தைப் படிச்சிட்டுத்தான் சீட்டுக்கு ஓகே சொல்லியிருக்கு. வர ஞாயித்துக்கெழமை தி.நகர்ல அம்மாவுக்கு நினைவேந்தல். அம்மாவை ஊருக்கு அனுப்பிடறேன்."

பட்டம்மாள் ஊருக்குப் போகவில்லை. ஞாயிறு காலை பஸ் ஸ்டாண்டுக்கு என்று கிளம்பிக் கச்சேரி சாலையில் வந்து இறங்கினார். "என் காரியத்துக்கு நான் போவாம?" டீச்சர்தான் ஆட்டோ பிடித்து அழைத்துப்போனார். மண்டபத்தில் கடைசி வரிசை. மேடையில் பெரிய படம். அசல் போட்டோவில் நகை அதிகம் என்று, எலும்பும் தோலுமாக யாரையோ வரைந்து வைத்திருந்தார்கள். கஞ்சிக் கதையைப் பேச்சாளர் உருக்கமாகச் சொல்ல, பட்டம்மாளே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம்டி, யாரு பெத்த பொண்ணோ."

மலர் தூவ வரிசை நகர்ந்தது. பட்டம்மாளும் எழுந்தார், பின்னாலேயே டீச்சர். ஆளுக்கொரு கை உதிரிப்பூ கொடுத்தார்கள். படத்துக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்ற சித்தார்த்தன், வரிசையில் அம்மாவைப் பார்த்தார். முகம் வெளுத்து, குப்பென்று வியர்த்தது. பட்டம்மாள் படத்துக்குப் பூப் போட்டார். திரும்பினார். பழக்க தோஷம், முந்தானையை எடுத்து மகன் நெற்றியை ஒற்றி எடுத்தார். கேமராக்கள் மின்னின.

"சூப்பர் ஆயா! அப்படியே நில்லு. அண்ணனுக்கு நீ யாரு?" என்றான் ஒரு போட்டோகிராபர்.

பட்டம்மாள் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தார்.

"நானா? கூட்டத்துக்கு வந்தவப்பா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அடுத்து ஜொவிட்டா டீச்சர். உள்ளங்கையில் பூ. எலும்பும் தோலுமான படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, பூவை உள்ளே போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.