மலை திருப்பிச் சொன்ன வேட்டு

வேட்டு வெடித்து அடங்கிய இடத்தில் அவித்த முட்டையை உரித்தது போல ஒரு வாடை நிற்கும். எனக்கு அது நோன்போடு ஒட்டிக்கொண்ட வாடை. உத்தமபாளையத்தில் எங்கள் தெருவுக்கு நோன்பு திறக்கும் நேரத்தைச் சொன்னது, பாங்குக்கு ஒரு மூச்சு முன்னால் பள்ளிவாசலுக்குப் பின்னால் முழங்கிய "கதினா"தான். மலையாளத்துப் பக்கமிருந்து இறங்கிவந்த பெயர். உரல் மாதிரி குட்டையான இரும்புக் குழாய், வெடிமருந்தை அடைத்துத் திரி கொளுத்துவார்கள். அது விரிசல் விட்டுப்போனதும் சைரன் மாட்டினார்கள். ஆனால் கரண்ட் இருந்தால்தானே சைரன் ஊதும், அதுவோ விளக்கு வைக்கிற நேரம் பார்த்துத்தான் போகும்.

என் அத்தா, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார்கள். சும்மா இருக்கத் தெரியாத கை அவர்களுடையது. யாரும் கேட்காமலேயே, ஒரு ஆசைக்காக, லேத்துப் பட்டறையில் இரும்பைக் கடைந்து தண்ணீர்ச் செம்பு உயரத்தில் ஒரு குட்டிக் கதினா செய்தார்கள். "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுக்கப் போறீக" என்று அம்மா தலையிலடித்துக்கொண்டார்கள். மருந்துக்குச் சேசு மாமா இருந்தார். பக்கத்து ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு லைசென்ஸோடு வேட்டுப் போடுகிறவர். மருந்தைத் தன்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. தெரு முழுக்க இதே பேச்சு. புதுக் கதினா வரப்போகிறதென்று ஆளாளுக்குக் காத்திருந்தார்கள்.

மார்கழியில் நோன்பு வந்த வருசம் அது. நான் முதன்முதலாக முழு நோன்பு பிடித்த நாளன்றுதான் அதை வெடித்துப் பார்க்க நினைத்தார்கள். சாயங்காலம் அசர் தொழுததும் நான், அத்தா, சேசு மாமா மூவரும் ஊருக்கு வெளியே கரட்டடித் தரிசுக்குப் போனோம். பனியில் நமுத்த திரி பற்றுவதும் அணைவதுமாக விளையாட்டுக் காட்ட, நேரம் போனதே தெரியவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் பொழுது அடைய வெகு முன்பே சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் போய்விடும். வெளிச்சம் மங்கிவிடும், ஆனால் நோன்பு திறக்கிற மக்ரிப் நேரம் ஆகியிருக்காது. அதனால்தான் நாங்கள் கண்ணை நம்பாமல் வேட்டை நம்பிப் பழகியவர்கள்.

தூரத்துத் தென்னைக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். வெடித்தபோது சத்தம் காதுக்கு வரவில்லை, உள்ளங்காலுக்கு வந்தது. வயல் கொக்குகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. பிறகு கிழக்கு மலை அந்தச் சத்தத்தை வாங்கி ஒருமுறை சொன்னது, மேற்கு மலை அதைக் கேட்டு மெதுவாக மறுமுறை சொன்னது. எனக்குப் பசியும் தாகமும் எங்கே போயினவோ தெரியவில்லை. செம்பு உயர இரும்பு இத்தனை பெரிய மலைகளைப் பேசவைத்துவிட்டதே என்று அத்தாவைப் பார்த்தேன்.

"கேட்டியா ஆத்தா, மலை பதில் சொல்லுது" என்றார்கள். மகள் என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

தெருவுக்குள் நுழைந்தபோது கரண்ட் இல்லை. வாசலுக்கு வாசல் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பீர்மா மாமி கையில் கடித்த வடையோடு எழுந்துவந்து, "வேட்டுன்னா இதுல்லண்ணே வேட்டு. கரண்ட் போனாலும் இனிக் கவலையில்ல" என்றார். அத்தா கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார்கள். அந்த நேரம் கரண்ட் வந்தது, பின்னாலேயே பாங்கு. தெருவில் மென்றுகொண்டிருந்த வாயெல்லாம் அப்படியே நின்றன.

"நேரம் பாக்காமப் போட்டுட்டேன். உங்க நோன்பையெல்லாம் முறிச்சவன் நான்தான்" என்று அத்தா நடுத்தெருவில் நின்று சொன்னார்கள். அவர்கள் தலை குனிந்து நான் பார்த்தது அன்றுதான். அந்தத் தெருவில் முறியாமல் இருந்தவை எங்கள் இருவரின் நோன்புகள் மட்டும்தான். எனக்கு அதில் பெருமையே இல்லை, அழுகைதான் வந்தது.

"அறியாமத் தொறந்ததுக்குக் குத்தமில்ல. பெருநா கழிச்சு இதுக்குப் பதிலா ஒரு நோன்பு பிடிச்சுக் கழாச் செஞ்சிருங்க" என்று பள்ளிவாசல் அசரத்து சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அத்தாவுக்கு மனசு ஆறவில்லை. கதினாவைச் சாக்கில் சுற்றி ஆற்றில் போடக் கிளம்பினார்கள். பீர்மா மாமிதான் மறித்தார். "ஆத்துல போடாதீகண்ணே. எங்க நோன்பை முறிச்ச வேட்டுத்தானே, கழா நோன்பை அதுவே தொறந்து வைக்கட்டும்."

பெருநாள் கழித்து ஒரே நாளில் தெருவே நோன்பு பிடித்தது. "தப்புல பாதிப் பங்கு என்னுது பாய்" என்று சேசு மாமாவும் பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் தொடவில்லை. அத்தா ஒரு கையில் தன் வாட்ச், மறு கையில் அம்மாவின் வாட்ச். அப்படியும் நம்பிக்கை வராமல், "பாங்கு சொல்லி முடிக்கட்டும் மாப்ள" என்று சேசு மாமாவைத் தடுத்துக்கொண்டே இருந்தார்களாம். நான் தெருவில் இருந்தேன். பாங்கு தொடங்கியது, முடிந்தது. ஒருவர் கையும் கிண்ணத்துக்குப் போகவில்லை. குழந்தைகள்கூடக் கரட்டுப் பக்கமே பார்த்திருந்தார்கள். வேட்டு முழங்கியது, இரண்டு மலைகளும் திருப்பிச் சொல்லின. அதற்குப் பிறகுதான் பேரீச்சம்பழம் வாய்க்குப் போனது. திரும்பி வந்த அத்தாவிடம் மாமி முதல் கிண்ணத்தை நீட்டினார்.

இன்று சைரனுக்குப் பேட்டரி இருக்கிறது, செல்போனே பாங்கு சொல்கிறது. கரட்டடித் தரிசு வீட்டுமனையாகிவிட்டது. அத்தாவும் இல்லை, கதினா மட்டும் பட்டறைக் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. தேனியில் என் வீட்டில் பாங்கு கேட்டதும் பிள்ளைகள் சட்டென்று நோன்பு திறந்துவிடுகிறார்கள். என் கை மட்டும் பழத்தோடு ஒரு மூச்சு நிற்கிறது, மலை இன்னும் சொல்லவில்லையே என்று.