தறிக்கூடத்தில் சுண்டு விரல்

1. பாவு அறுந்த நாள்

செல்லூரில் விசைத்தறி ஓட்டினேன். இரண்டு தறி என் பொறுப்பு. அன்று மத்தியானம் நான் பின்பக்கம் போய்த் திரும்புவதற்குள், குறுக்கே ஓடுகிற நாடா, நீளவாக்கில் கட்டியிருக்கும் பாவு நூலுக்குள் சிக்கி நின்றுவிட்டது. கொத்துக் கொத்தாக இழை அறுந்து கிடந்தது. எடுத்துக் கட்டுவதிலேயே பொழுது போனது.

முதலாளி கூப்பிட்டார். என்னைவிட வயதில் சின்னவர்.

“எங்கக்கா போனீக? கேமராவுல பாத்தேன். சும்மா சும்மா எந்திரிச்சுப் போறீக.”

அறுந்த இழையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

“வயசாயிருச்சுல்ல. திங்கக்கெழமையில இருந்து தார் சுத்துங்க. ஒக்காந்த வேல.”

நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றுவதுதான் தார் சுற்றுவது. கூலி பாதிதான். அதில் என் குடும்பம் ஓடாது.

2. கைப்பேச்சு

தறி ஓடும்போது வாய்ப்பேச்சு கேட்காது. எல்லாம் கைதான். டீ என்றால் வாய்ப்பக்கம் கட்டைவிரல். ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் சுண்டு விரல். காட்டினால் பக்கத்துத் தறிக்காரர் தலையாட்டி, நம் தறியையும் பார்த்துக்கொள்வார். ஆண்கள் காட்டுவார்கள். பெண்கள் காட்டியதில்லை. டீ நேரத்திலேயே முடித்துக்கொள்வோம்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு எனக்கு அடக்க முடியவில்லை. தும்மினால் சேலை நனையும். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்குப் போகும் ஆனையூர் பஸ்ஸில் சீட் கிடைத்தாலும், நனைந்துவிடுமோ என்று உட்கார மாட்டேன். தறியில் யாருக்கும் சொல்லாமல் எழுந்து போய் வந்தேன்.

பக்கத்துத் தறி பாண்டியம்மாளிடம் மட்டும் சொன்னேன்.

“சுகருன்னு சொல்லிரு, அக்கா. அதுக்கும்தான் அடிக்கடி வரும். சுகருன்னா ஒரு மரியாத.”

“எனக்குச் சுகர் இல்லயே.”

“இந்த வயசுல இல்லன்னாத்தான் ஒரு மாதிரி பாப்பாக.”

அவள் சொன்னது சரிதான். முதலாளியின் முழங்கால் வலி ஊருக்கே தெரியும். கணக்குப்பிள்ளை பிரஷர் மாத்திரையை நாலு பேர் பார்க்கத்தான் விழுங்குவார். காது மந்தமானவரைக் கிண்டல் செய்வோம், அவரும் சிரிப்பார். மூலம் வந்தவரும் கர்ப்பப்பை இறங்கியவளும் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. வயதானால் எந்த நோய் வரலாம், எது வரக்கூடாது என்று யாரோ தீர்ப்பு எழுதி வைத்த மாதிரி.

3. திங்கட்கிழமை

தார் சுற்ற நான் உட்காரவில்லை. நேராக என் தறிக்குப் போனேன். தறிகளை இன்னும் ஓடவிடவில்லை. முதலாளி முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தார்.

“தார் சுத்தச் சொன்னேன்ல?”

“எனக்கு ஒண்ணுக்கு அடக்க முடியல தம்பி. அதான் எந்திரிச்சுப் போறேன்.”

எல்லார் காதிலும் விழுந்தது. யாரோ இருமினார்கள்.

“இதெல்லாம் நாலு பேரு முன்னால சொல்லுவாகளாக்கா?”

“நாலு பேரு முன்னாலதான நீங்க முழங்காலத் தடவுறீக.”

சிரிப்பு எழுந்து அடங்கியது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

“இனிமே சுண்டு விரலக் காட்டிட்டுப் போவேன். பாண்டியம்மா தறியப் பாத்துக்கிருவா. நான் போன நேரத்துல இன்னொரு தடவ பாவு அறுந்தா, நானே தார் சுத்த ஒக்காந்துக்கிறேன்.”

அவர் பாண்டியம்மாளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு, “பாத்துக்கிறேன்” என்றாள்.

“என்னமோ பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று காலையிலேயே சுண்டு விரலைத் தலைக்கு மேலே தூக்கினேன். எதிர்த்தறி ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் நிதானமாகத்தான் நடந்தேன்.

4. பிறகு

சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் போனேன். டாக்டரம்மா கேட்டார், “இம்புட்டு நாளா ஏன் வரல?”

“சுகரா இருந்தா அன்னைக்கே வந்திருப்பேன்” என்றேன்.

ஒன்றுக்கு அடக்குவது போல இறுக்கிப் பிடித்து விடுகிற பயிற்சி ஒன்று சொல்லிக்கொடுத்தார். செய்தேன். முழுதாக நிற்கவில்லை, முக்கால்வாசி குறைந்தது. தறி வேலையை விட்டு நிற்கிற வரை என் தறியில் பாவு அறுந்து நின்றதில்லை.

தறிக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். அன்று பாவு அறுந்தது என் நோயால் இல்லை. நான் ஒளிந்து போனதால்.

ஒரு நாள், டீக்கு இன்னும் நேரம் இருக்கையில், பாண்டியம்மாள் என் பக்கம் திரும்பினாள். சுண்டு விரல் இடுப்புக்கு மேலே வரவில்லை. நான் தலையாட்டவில்லை. இன்னும் மேலே தூக்கு என்று கையைக் காட்டினேன்.

தூக்கினாள்.